வலது பக்கம் காலியா இருந்த நோட்டு

எங்க வீட்டுக்காரரோட அக்காவை எங்க சர்ச் சபையில எல்லாரும் ஸ்டெனோம்மான்னுதான் கூப்பிடுவாங்க. எனக்கு அண்ணி. கல்யாணம் பண்ணிக்கல. அப்பா சின்ன வயசுலயே போயிட்டாரு, தம்பியைப் படிக்க வைக்கணும், அதனால சுருக்கெழுத்து கத்துக்கிட்டு ஒரு கம்பெனி மேனேஜர்கிட்ட வேலைக்குச் சேர்ந்தாங்க. அவர் சொல்றதை எழுதி, டைப் அடிச்சே தலை நரைச்சுப்போச்சு. ரிட்டையராகி எங்க மாடி ரூமுக்கு வரும்போது ஒரு பெட்டி துணி, ஒரு பழைய டைப் மிஷின், சீவி வச்ச பென்சில் ஒரு டப்பா, அவ்வளவுதான் சொத்து. அந்த மிஷினைத் தூக்கிட்டு மாடி ஏறினதுல எங்க வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. தைலம் தேச்சவ நான். அதனால அந்த மிஷின் மேல எனக்கு இன்னைக்கும் மரியாதை கிடையாது.

ஆனா அண்ணியோட கை மேல மரியாதை உண்டு. எதிர்ல இருக்கிறவங்க பேசப் பேச பென்சில் ஓடும். நான் எட்டிப் பாத்தா கோழி கிளறின மாதிரி இருக்கும். அவங்க படிச்சா வார்த்தைக்கு வார்த்தை வரும். அதுக்கு ஒரு விதி வச்சிருந்தாங்க.

"காதுல விழுந்தது நேரா கைக்குப் போயிடணும்மா. நடுவுல நான் வந்து நின்னா எழுத்து தடுக்கும்."

ஒரு தடவை மேனேஜர் யாருக்கோ காரசாரமா ஒரு கடிதம் சொல்லி எழுத வச்சுட்டு, "நீங்க என்ன நெனக்கிறீங்க?"ன்னு கேட்டாராம். "ஒரே வாக்கியம் ரெண்டு தடவை வந்திருக்கு சார்"னாங்களாம் இவங்க. அதுக்கப்புறம் அவர் கேக்கவே இல்ல.

டைப் அடிச்ச கடிதத்துக்கு அடியில ஓரமா ரெண்டு எழுத்து போடுவாங்க. முதல்ல சொன்னவர் பேரோட முதல் எழுத்து, நடுவுல ஒரு சாய்கோடு, அப்புறம் எழுதினவங்களோட எழுத்து. யார் சொன்னது, யார் அடிச்சதுன்னு பின்னாடி ஒரு பிரச்சனை வந்தா தெரியணும்ல, அதுக்கு. கம்பெனியை விட்டு வந்தும் அந்தப் பழக்கம் விடல. கடைக்கு நான் சாமான் சொல்லச் சொல்ல எழுதித் தருவாங்க, அதுக்கு அடியிலயும் 'ச', ஒரு கோடு, அவங்க எழுத்து.

"என் பேர்ல எங்க அண்ணி 'ச' இருக்கு?"

"சமையல்கட்டு."

இப்படி ஒரு ஆளை வீட்டுல வச்சுக்கிட்டு புருஷன் பொண்டாட்டி சண்டை போட முடியுமா சொல்லுங்க? "நான் அப்படிச் சொல்லவே இல்ல"ன்னு இவர் ஆரம்பிப்பாரு. மாடிப்படியில இருந்து குரல் வரும். "சொன்னே தம்பி. 'குழாயை அடுத்த மாசம் பாக்கலாம்'னு சொன்னே. 'உங்க அடுத்த மாசம் எந்தக் காலண்டர்ல வருது'ன்னு அவ கேட்டா. நீ செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டே." எனக்கு சந்தோஷமா இருக்கும். ஆனா ரெண்டாவது நாளே என் பேச்சையும் அதே மாதிரி எடுத்து வைப்பாங்க. யார் பக்கமும் பேச மாட்டாங்க. தராசுக்கு ஏது பசி?

சபையில அவங்களை விட்டா ஆளில்ல. ஞாயித்துக்கிழமை முன்வரிசையில ஓரமா உக்காந்து பிரசங்கத்தை ஒரு சொல்லு விடாம எழுதுவாங்க. மத்தியானம் டைப் அடிச்சு நகல் எடுத்து, படுத்த படுக்கையா இருக்கிறவங்க, காது கேக்காதவங்க, ஆராதனையிலயே தூங்கிட்டவங்க எல்லாருக்கும் கொடுப்பாங்க. அடியில 'போ', கோடு, அவங்க எழுத்து. 'போ'ன்னா போதகர்.

இந்த நேரத்துலதான் சபையில ஒரு வேதபாட வகுப்பு ஆரம்பிச்சாங்க. சனிக்கிழமை சாயங்காலம், கோயிலுக்குப் பின்னாடி இருக்கிற ஹாலுல. லாரி ஓட்டுறவரு, தையல்காரம்மா, மருந்துக்கடைக்காரர்னு ஒரு பத்துப் பதினைஞ்சு பேர் சேர்ந்தாங்க. அண்ணி முதல் ஆளா பேர் கொடுத்தாங்க. நான் சேரல. டீ போடுற வேலை என் தலையில விழுந்துச்சு. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவுல ஒரு சின்ன ஜன்னல், டம்ளரை நீட்டுறதுக்கு. அங்க நின்னா எல்லாம் கேக்கும். காசு கொடுக்காம படிச்சவ நான் ஒருத்திதான்.

பாடம் எடுத்த டீச்சர் எங்க எல்லாரையும் விட வயசுல சின்னவங்க. பேச்சு மெதுவா வரும், ஆனா பிடி விடாது. முதல் நாளே எல்லார் கையிலயும் ஒரு நோட்டைக் கொடுத்தாங்க. "இடது பக்கம் கேட்டதை எழுதுங்க. வலது பக்கம், கேட்டது உங்களை என்ன பண்ணுச்சுன்னு எழுதுங்க. சந்தேகம் வந்தா சந்தேகம், கோபம் வந்தா கோபம். ஒண்ணுமே தோணலன்னா, ஏன் தோணலன்னு எழுதுங்க. படிச்சது உள்ள இறங்கணும்னா ஒரு வாசல் வேணும். அந்த வலது பக்கம்தான் வாசல்."

"எழுத்துப்பிழைக்கு மார்க் போகுமா?"ன்னாரு லாரிக்காரர்.

"பிழையே இல்லாம எழுதினாதான் எனக்கு சந்தேகம் வரும்"னாங்க டீச்சர்.

கொஞ்ச வாரம் கழிச்சு நோட்டை வாங்கிப் பாத்துட்டுத் திருப்பிக் கொடுத்தாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா நாலு வார்த்தை. அண்ணி முறை வந்தப்போ நான் ஜன்னல்லதான் நின்னேன்.

"அம்மா, உங்க இடது பக்கத்தைப் பாத்து அசந்துட்டேன். நான் நடுவுல இருமினதுகூட இருக்கு."

"ரெண்டு தடவை டீச்சர்."

"வலது பக்கம் எங்கம்மா?"

வலது பக்கமெல்லாம் வெள்ளையா கிடந்துச்சு. மார்ஜின் மட்டும் அழகா கோடு போட்டு வச்சிருந்தாங்க.

"வேற யாரும் ஒண்ணும் சொல்லலியே டீச்சர்"னாங்க அண்ணி.

அவங்க விளையாட்டுக்குச் சொல்லல. டீச்சருக்கு அது புரிஞ்சுதோ என்னமோ, சிரிக்கல. "வலது பக்கம் இல்லாம நான் பாஸ் போட முடியாதும்மா. இன்னும் நாள் இருக்கு"ன்னு நோட்டைக் கையில கொடுத்தாங்க.

பாஸ் பண்ணாட்டி என்ன, ரிட்டையரான ஆளுக்கு சர்டிபிகேட்டை வச்சு என்ன பண்றதுன்னுதான் நான் நெனச்சேன். வீட்டுக்கு வந்து காய் நறுக்கும்போது எதிர்ல உக்காந்து அவங்களே சொன்னாங்க. வேலைக்குப் போற பொண்ணுங்க தங்குற ஒரு விடுதி இருக்கு. அண்ணி எங்க வீட்டுக்கு வர்ற வரைக்கும் அங்கதான் இருந்தாங்க. அங்க வாராவாரம் நடக்குற வேதபாடத்தை நடத்திட்டிருந்தவங்க மகன் வீட்டுக்குப் போறாங்களாம். இந்த வகுப்பை முடிச்சவங்கள்ல ஒருத்தரைத்தான் அந்த இடத்துல வைப்போம்னு சபைக் கமிட்டியில முடிவாம்.

"அதை நான் எடுத்து நடத்தணும்மா."

இவங்க வாயில இருந்து 'எனக்கு வேணும்'னு ஒரு சொல் வந்து நான் கேட்டதே இல்ல. கத்தியைக் கீழ வச்சுட்டேன்.

"அங்க இருந்தப்போ பாடம் நடக்கும்போதெல்லாம் என்னை எழுதச் சொல்லிடுவாங்க. மத்தவங்க பேசுவாங்க. ஒரு நாள் பக்கத்து ரூம் பொண்ணு அழுதுக்கிட்டே வந்தா. வேலையில ஏதோ அவமானம். 'ஆண்டவர் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரா? நீங்க சொல்லுங்கக்கா'ன்னு கேட்டா. நான் போன வாரத்து நோட்டை எடுத்துப் படிச்சுக் காட்டினேன். முழுசா. அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு, 'தேங்க்ஸ்க்கா'ன்னு எந்திரிச்சுப் போயிட்டா." நறுக்கின காயை ஒரு ஓரமா ஒதுக்கி வச்சாங்க. "அவ நோட்டைக் கேக்க வரலம்மா."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. "அப்ப அந்த வலது பக்கத்துல ஏதாவது கிறுக்கித் தொலைங்க அண்ணி"ன்னேன்.

மறுநாள் சாயங்காலம் நோட்டும் பென்சிலுமா சமையல்கட்டுக்கே வந்துட்டாங்க.

"நீ சொல்லு. நான் எழுதுறேன்."

"நான் என்னத்தைச் சொல்றது?"

"போன வாரப் பாடம். ஆண்டவர் ஒரு வீட்டுக்கு வர்றாரு. அக்கா சமையல் பண்ணிக்கிட்டிருக்கா. தங்கச்சி அவர் காலடியில உக்காந்து பேச்சைக் கேக்குறா. அக்கா போய், 'இவளை எனக்கு ஒத்தாசை பண்ணச் சொல்லுங்க'ன்னு கேக்குறா. தங்கச்சி நல்ல பங்கை எடுத்துக்கிட்டா, விடுன்னு அவர் சொல்லிடுறாரு. உனக்கு என்ன தோணுது?"

அடுப்புல ஒண்ணு, துவைக்கிற கல்லுல ஒண்ணுன்னு வேலை கிடக்கும்போது என்கிட்ட வந்து இந்தக் கதையைக் கேட்டா? கொட்டித் தீத்துட்டேன். அவங்க பென்சில் ஓடுச்சு. அதோட விட்டாங்களா? ஹாலுல படுத்துக்கிடந்த எங்க வீட்டுக்காரர்கிட்ட போனாங்க. புயல் அடிக்கும்போது ஆண்டவர் படகுல தூங்கின கதை. "அசந்து தூங்கற மனுஷனை எழுப்பினது தப்பு"ன்னாரு கண்ணைத் திறக்காம. அதையும் எழுதிக்கிட்டாங்க. காலேஜுல படிக்கிற என் மகள்கிட்ட, வீட்டை விட்டுப் போய் திரும்பி வந்த இளைய பையன் கதை. "எல்லாரும் சின்னவனைக் கட்டிப்பிடிக்கிறாங்க அத்தை. பெரியவன்கிட்ட வேலையை மட்டும் வாங்கிக்கிட்டாங்க"ன்னா அவ. வலது பக்கமெல்லாம் நிரம்பிப்போச்சு.

"அண்ணி, இது கள்ளாட்டம் இல்லையா?"

"அதெப்படி? யார் சொன்னதுன்னு கீழ போட்டிருக்கேன்ல?"

போட்டுத்தான் இருந்தாங்க. 'ச', 'த', 'ம'. சமையல்கட்டு, தம்பி, மருமக. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோடு, அவங்க எழுத்து. அவங்க கணக்குல அது அப்பழுக்கில்லாத வேலை. நோட்டு நிறையலன்னாங்க, நிறைச்சு டீச்சர் கையில கொடுத்தாச்சு.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் ஒரு நோட்டைப் பிரிச்சுக்கிட்டே உள்ள வந்தாங்க. முகமெல்லாம் சிரிப்பு. "ஒருத்தர் எழுதினதைப் படிக்கப்போறேன். வலது பக்கம்னா எப்படி இருக்கணும்னு கேட்டீங்களே, இப்படி." படிச்சாங்க.

"'அந்த அக்கா கேட்டதுல என்ன தப்பு? வீட்டுக்கு வந்தவங்க பட்டினியா போகவா? நல்ல பங்கு நல்ல பங்குன்னா, அக்காவுக்கு மட்டும் அது கசக்குமா? எல்லாரும் எந்திரிங்க, ஆளுக்கொரு பாத்திரம் தேய்ச்சுட்டு அப்புறம் உக்காந்து பேசலாம்னு ஆண்டவரே சொல்லியிருந்தா அவளும் காலடியில வந்து உக்காந்திருப்பா. எனக்கு அவர்கிட்ட இதுல வருத்தம்தான்.'"

ஹாலே சிரிச்சுது. தையல்காரம்மா கையைத் தட்டினாங்க. "யாரு டீச்சர் எழுதினது?"

"நம்ம ஸ்டெனோம்மா."

"அடேங்கப்பா! இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னுல இருந்தாங்க"ன்னாரு லாரிக்காரர்.

எனக்கு டீ வடிகட்டுற கை நின்னுபோச்சு. அண்ணியைப் பாத்தேன். காது ரெண்டும் செவந்துகிடக்கு. பக்கத்துல போதகரும் வந்து உக்காந்திருக்காரு. விடுதிக்கு யாருன்னு பேர் எடுத்துட்டுப் போறதுக்குத்தான் வந்தாரு. அண்ணி பேசாம உக்காந்திருந்தா போதும், வேலை முடிஞ்சுது. நான் ஜன்னல்ல இருந்து கண்ணைக் காட்டினேன், சும்மா இருங்கன்னு.

எந்திரிச்சுட்டாங்க.

"டீச்சர், அது நான் சொன்னதில்ல. என் தம்பி பொண்டாட்டி சொன்னா. நான் எழுதினேன். கீழ குறிச்சிருக்கேன் பாருங்க."

டீச்சர் கீழ பாத்தாங்க. "இந்த ரெண்டு எழுத்தா? நான் ஏதோ அடையாளம்னு விட்டுட்டேன்."

"மத்ததும் அப்படித்தான். எதுவும் என்னுது இல்ல. கைதட்டினதை நீங்க அந்த ஜன்னல்ல கொடுத்துடணும்."

ஹாலு மொத்தமும் திரும்பி என்னைப் பாக்குது. நான் வடிகட்டியோட நிக்கிறேன். "டீ ஆறுது"ன்னேன். வேற என்ன சொல்றது?

டீச்சர் நோட்டை மூடிட்டு அண்ணி பக்கத்துல வந்து உக்காந்தாங்க. குரலைத் தணிச்சுத்தான் பேசினாங்க, எனக்குக் கேட்டுச்சு. "அவங்க இதைச் சொல்லும்போது உங்களுக்கு என்ன தோணுச்சும்மா?"

அண்ணி ஜன்னல் பக்கம் என்னைப் பாத்தாங்க. "வேகமா சொல்றாளேன்னு தோணுச்சு."

"அடுத்த வாரம் கடைசி வகுப்பு. அதுக்குள்ள ஒரே ஒரு பக்கம் கொண்டு வாங்க. உங்களுது. இல்லன்னா என்னால கையெழுத்து போட முடியாது. நாளைக்கு ஆராதனைக்கு பென்சில் எடுத்துட்டுப் போகாதீங்க." போதகர் பேர் எழுத எடுத்த பேப்பரைத் திரும்ப மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாரு.

வழியெல்லாம் நான் திட்டிக்கிட்டே வந்தேன். "கையில வந்ததை இப்படியா கொட்டுவாங்க? நானா கேட்டேன் பேரு புகழு?" மறுநாள் காலையில கோயிலுக்குக் கிளம்பும்போது அண்ணி பென்சில் டப்பாவை என் கையில கொடுத்து, "உன் பீரோவுல வச்சுப் பூட்டு. நான் கேட்டாலும் கொடுக்காதே"ன்னாங்க.

அன்னைக்கு அவங்க பக்கத்துல உக்காந்தவ நான். பிரசங்கம் ஆரம்பிச்சதும் வலது கை மடியில கிடந்து துடிக்குது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத பென்சிலைப் பிடிச்சுக்கிட்டு சேலையில கோடு போடுது. இடது கையால அதைப் பிடிச்சு அமுக்குறாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு நான் என் கையை அது மேல வச்சேன். பாசமெல்லாம் இல்ல, எனக்குப் பாக்க சகிக்கல. வேர்த்து நனைஞ்சிருந்துச்சு. அப்புறம்தான் அவங்க நிமிர்ந்து போதகர் முகத்தைப் பாத்தாங்க. முடிஞ்சு வெளிய வரும்போது, "அவருக்கு எப்ப இவ்வளவு வயசாச்சு?"ன்னு கேட்டாங்க. வருஷக்கணக்கா முன்வரிசையில உக்காந்த ஆளு கேக்குற கேள்வி இது.

வாசல்ல வேற பஞ்சாயத்து. "நகல் எங்க ஸ்டெனோம்மா?"ன்னு ஒருத்தர். "இன்னைக்கு இல்ல." "அப்ப நான் என்ன கேட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" அந்த மனுஷன் முழு நேரமும் உள்ளதான் இருந்தாரு!

அந்த வாரம் மாடியில விளக்கு எரியும், கிழிக்கிற சத்தம் வரும். ஒரு நாள் இறங்கி வந்து, "எப்படி ஆரம்பிக்கறதும்மா?"ன்னு கேட்டாங்க.

"என்கிட்ட கேக்காதீங்க. கேட்டா நான் பேசிடுவேன், நீங்க எழுதிடுவீங்க. மேல போங்க."

கடைசி வகுப்பு அன்னைக்கு அவங்களே எந்திரிச்சு நின்னு படிச்சாங்க. அடிச்சு அடிச்சு எழுதின பக்கம். அவங்க கையெழுத்து அவங்களுக்கே புரியாம தடுமாறினதை நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

"'அந்த ரெண்டு சகோதரிங்க கதையில நான் காலடியில உக்காந்து கேக்குற தங்கச்சின்னுதான் இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன். போன ஞாயிறு கை சும்மா இருந்தப்போதான் தெரிஞ்சுது, நான் உக்காரவே இல்ல. என் தம்பி பொண்டாட்டி கரண்டியோட நிக்கிறா, நான் பென்சிலோட நின்னேன். ரெண்டு பேரும் வேலைதான் பாத்தோம். ஆனா அந்த அக்கா கோபப்பட்டு அவர் முன்னாடி போய் நின்னா. அதனால அவர்கூட ஒரு வார்த்தை பேசினா. நான் அதுகூட பேசல. அவர் சொன்னதை மட்டும் எழுதிக்கிட்டேன். ஆண்டவரே, விடுதியில அந்தப் பொண்ணு அழுதப்போ எனக்குப் பயமா இருந்துச்சு. நீங்க பாத்துக்கிட்டு இருக்கீங்களான்னு எனக்கும் தெரியல. அதான் நோட்டை எடுத்தேன். இதை இப்பதான் உங்ககிட்ட சொல்றேன்.'"

யாரும் கைதட்டல. லாரிக்காரர் மூக்கை உறிஞ்சினாரு. டீச்சர் நோட்டை வாங்கி, அடியில பாத்தாங்க. ஓரத்துல வழக்கம்போல ரெண்டு எழுத்து, நடுவுல கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே எழுத்து. அதுக்குக் கீழ டீச்சர் கையெழுத்து போட்டாங்க.

"விடுதிப் பொண்ணுங்க கஷ்டமான கேள்வி கேப்பாங்களேம்மா"ன்னாரு போதகர்.

"எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு, கூட உக்காந்திருப்பேன்."

"அது போதும்"னு பேப்பர்ல பேர் எழுதிக்கிட்டாரு.

டீ டம்ளரை எல்லாம் வாங்கி அடுக்கினேன். அண்ணி சமையலறைக்குள்ள வந்து முந்தானையைச் செருகிக்கிட்டு, தேய்க்கிறேன்னு நின்னாங்க. நல்ல பங்கு வேண்டாமான்னேன். ரெண்டு கண்ணாடி டம்ளரை உடைச்சாங்க. ஒத்தாசைன்னா அப்படித்தான். நான் துடைப்பத்தை எடுத்து சில்லைக் கூட்டும்போது, "அன்னைக்கு நீ சொன்னியே, அவர்கிட்ட உனக்கு வருத்தம்னு. அது அந்தக் கதைக்காக மட்டுமா?"ன்னு கேட்டாங்க.

இப்படி ஒருத்தர் என்னைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு. ஆரம்பிச்சேன், நிறுத்த முடியல. என் அம்மா படுக்கையில கிடந்தப்போ நான் வேண்டிக்கிட்டது, நடக்காம போனது, அதுக்கப்புறம் கோயில்ல நான் வெறும் டீ போடுறவளா நின்னுட்டது, எல்லாம் வந்துச்சு. அவங்க ஒரு மரப்பெட்டி மேல உக்காந்து என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க. கை ரெண்டும் ஈரத்தோட மடியில கிடந்துச்சு.

மறுநாள் நான் பேச்சுவாக்குல, "நேத்து அம்மாவைப் பத்தி சொன்னேனே அண்ணி, முதல்ல எதைச் சொன்னேன்?"னு கேட்டேன். சும்மா ஒரு சோதனைக்குத்தான்.

யோசிச்சுப் பாத்தாங்க. "வார்த்தை ஞாபகம் இல்லம்மா. நீ அழுதது ஞாபகம் இருக்கு."

பென்சில் டப்பா இன்னும் என் பீரோவுலதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து வலது பக்கம் எழுத ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டுப் போவாங்க, ஆராதனை முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகு.